எல்லையில் ஒற்றை ஆள்

புதிதாக நாடுபிடி ஆட வருகிறவர்கள் எல்லோரும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள், ஐயா. வரைபடத்தைத் திறந்ததும் நடுவில் இருக்கிற பெரிய கண்டத்தின் மேல் கண் போய்விடுகிறது. நீங்களும் அப்படித்தான் தோற்றிருப்பீர்கள். விசாரணைக்காக என்று சொல்லி அந்த விளையாட்டைப் போனில் இறக்கினீர்களாம், இறங்கிய ஆட்டத்தில் எல்லாம் மண்ணைக் கவ்வினீர்களாம். உங்கள் எழுத்தர் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே சொன்னார். அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். முதலில் எல்லோரும் அடி வாங்கித்தான் கற்றுக்கொள்கிறோம்.

நேற்று என் தம்பியின் போனை மேசைமேல் வைத்து, "இந்தப் படத்துக்கு என்ன அர்த்தம்? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க" என்று கேட்டீர்கள். நான் வாயைத் திறக்கவில்லை. திமிர் என்று நினைத்திருப்பீர்கள். திமிர் இல்லை. ஆட்டம் தெரியாத ஒருவருக்கு அந்தப் படத்தை ஒரே பேச்சில் விளக்க முடியாது. காகிதமும் பேனாவும் கொடுத்தது நல்லதாகப் போயிற்று. பேசினால் எனக்குக் கோர்வையாக வராது, எழுதினால் வரும். இந்த ஆட்டக்காரர்களின் குழுவில் புதியவர்களுக்கு யோசனை எழுதுகிறவனே நான்தான். அங்கே எனக்குக் கோட்டை என்று பெயர். கோட்டை சொன்னால் கேட்டுக்கொள்வார்கள்.

ஆட்டம் இவ்வளவுதான். உலகத்தை நாடு நாடாகப் பிரித்து ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்திருப்பார்கள். உங்கள் முறை வரும்போது வீரர்கள் கிடைப்பார்கள். அவர்களை உங்கள் நாடுகளில் நிறுத்தலாம், பக்கத்து நாட்டின் மேல் ஏவலாம். பகடை யாருக்குச் சாதகமோ அவருக்கு நாடு. முறை முடிவதற்குள் ஓர் இடத்துப் படையை இன்னோர் இடத்துக்கு நகர்த்திக்கொள்ளலாம். ஒருவர் தன் முறையை ஆட நாள் முழுக்க எடுத்துக்கொண்டாலும் யாரும் கேட்க மாட்டார்கள். பக்கத்தில் தொழிலைப் பார்த்துக்கொண்டே ஆடலாம்.

என் தொழில் மரச் சாமான்களுக்குப் பாலிஷ் போடுவது. பழைய மேசை, அலமாரி, கட்டில் எது வந்தாலும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே இருக்கிற கறுப்பை எல்லாம் எடுத்து, புதிதாக்கிக் கொடுப்பேன். கை சுத்தம் என்று பெயர் வாங்கியிருக்கிறேன். இந்த மேசையின் ஓரத்தில் தேநீர்க் குவளை வைத்த வட்டம் இருக்கிறதே, அதைக்கூட எடுத்துவிடலாம்.

பெரிய கண்டத்துக்கு நாலு பக்கமும் வாசல். காவலுக்கே ஆள் போதாது. அதனால் மூலையில், ஒரே வாசல் வைத்த சின்னக் கண்டமாகப் பார்த்துப் பிடியுங்கள். யாரும் அதைப் பெரிதாக மதிக்க மாட்டார்கள். அங்கே உட்கார்ந்து பொறுமையாகப் பெருகுங்கள்.

எங்கள் வீட்டில் அப்படி ஓர் இடம் இருந்தது. பின்பக்கக் குளியலறைக்கும் மதிலுக்கும் நடுவில் ஒரு சந்து. அப்பாவும் அம்மாவும் போன பிறகு வீட்டைப் பங்கு பிரித்தபோது பின்பாதி எனக்கு, முன்பாதி தம்பிக்கு என்று முடிவானது. கோடு போட்டவன் தம்பிதான். அவன் வீடுகளுக்கு வரைபடம் போடுகிறவன், வீட்டிலேயே கணினி வைத்து வேலை பார்ப்பான். ஊருக்கெல்லாம் சுவர் எங்கே வர வேண்டும் என்று சொல்லுகிறவன் எங்கள் வீட்டுச் சந்து எந்தக் கோட்டுக்குள்ளும் வராமல் விட்டுவிட்டான். இரண்டு பேருக்கும் பொது என்று விட்டுவிட்டோம்.

அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு இழுப்பு. மூச்சு விடும்போது பூனை உறுமுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். அதனால் வீட்டில் அவனுக்குப் பூனை என்றே பெயர். அவன் மனைவிகூட அப்படித்தான் கூப்பிடுவாள். அவள் பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பதால் எங்கள் எல்லோருக்கும் அவள் டீச்சர். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் பாதியில் நானும் மர வாசனையும்தான்.

பூனைக்கு இழுப்பு வந்தால் எங்கள் வீடே நின்றுபோகும். அடுப்பை அணைப்பார்கள், துடைப்பத்தை ஒளிப்பார்கள். நான் தொழில் கற்றுக்கொண்டு வந்து முதல் நாற்காலியை முற்றத்தில் வைத்துத் தேய்த்தபோது அம்மா ஓடி வந்தாள். "அவன் மூச்சுல மண்ணப் போடாதடா, தூக்கிட்டு வெளிய போ" என்றாள். வெளியே என்றால் தெரு. வெயிலில், போகிறவர் வருகிறவர் காலடியில் உட்கார்ந்துதான் நான் தொழில் செய்தேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அவன் மூச்சுக்கு எவ்வளவு இடம் தேவைப்பட்டது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, சந்து. முதலில் பாலிஷில் கலக்கிற என் தின்னர் டப்பாக்களை அங்கே வைத்தேன். பிறகு மழைக்கு மேலே ஒரு தகரம் போட்டேன். தகரம் போட்டால் கதவு வேண்டும், கதவு போட்டால் பூட்டு வேண்டும். டீச்சர் துணி உலர்த்த அந்த வழியாக வந்து, பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். பூனை வந்து எட்டிப் பார்த்துச் சிரித்தான். "உனக்குத்தான் இடம் வேணும். நீயே வெச்சுக்கோண்ணா" என்றான்.

அடுத்த யோசனை இது. ஒவ்வொரு முறையும் ஒரு நாடாவது பிடியுங்கள், பேராசைப்பட்டு ஒரேயடியாக நாலு பிடிக்காதீர்கள். ஒன்றே ஒன்று போனால் எதிராளிக்கு அது சண்டை போடுகிற அளவுக்குப் பெரிதாகத் தெரியாது. சந்துக்குப் பிறகு நான் மாடிப்படியின் அடியை எடுத்துக்கொண்டேன். பிறகு மொட்டை மாடி, பிறகு பக்கவாட்டு நடை. ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருந்தது. வாடிக்கையாளரின் கட்டிலை மழையில் விட முடியுமா? பூனையும் ஒவ்வொரு தடவையும் அதே பேச்சைத்தான் பேசினான். அவனுக்கு இல்லை என்று சொல்லவே வராது. நாடுபிடியிலும் அதே கதைதான். கிடைக்கிற வீரர்களை இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று எல்லா நாட்டுக்கும் பந்தி பரிமாறுகிற மாதிரி வைப்பான். "ஒரே இடத்துல குவிடா" என்று தலையில் அடித்துக்கொள்வேன். "மத்த ஊர்க்காரன் பாவம் இல்லையா?" என்பான். அவனை ஆட்டத்துக்குள் இழுத்துவிட்டவன் நான். சாயங்காலங்களில் என் பக்கம் வந்து, ஆளுக்கொரு போனை வைத்துக்கொண்டு, பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஆடுவோம். அவன் தோற்று, தோற்று, சிரித்துச் சிரித்து, அதிலேயே இழுப்பு வந்து எழுந்து போவான். அந்த நேரங்களில் எனக்கு அவனைப் பிடித்திருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

பலத்தை வெளியே காட்டாதீர்கள் என்பது இன்னொன்று. பாதி உலகத்தைப் பிடித்த பிறகும் குழுவில் புலம்பிக்கொண்டே இருங்கள். என்னிடம் என்ன இருக்கிறது, எல்லாம் அவனிடம்தான் என்று சொல்லுங்கள். எங்கள் சித்தி வந்தபோது டீச்சர் மாடியைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தாள்.  தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, தெருவில் உட்கார்ந்து தேய்த்த காலத்தில் முழங்கால் போனதைச் சொன்னேன். "தனி ஆளு, அவனுக்கென்ன இருக்கு, விட்டுக்குடுங்கடி" என்று சித்தி டீச்சரைத்தான் கடிந்துகொண்டாள்.

மிச்சம் இருந்தது நடு அறை. நீங்கள் வந்து பார்த்தீர்கள். வீட்டுக்கு நட்டநடுவில், என் பாதிக்கு ஒரு கதவு, அவன் பாதிக்கு ஒரு கதவு. பங்கில் அது அவனுக்கு வந்தது. முன்னறை தெருவைப் பார்த்தது, புழுதி வரும். நடு அறைக்குத் தெருப்பக்கம் ஜன்னல் கிடையாது. அவன் படுக்கையும், மருந்தைப் புகையாக்கி மூச்சில் ஏற்றுகிற நெபுலைசரும் அங்கேதான் இருந்தன. நடுவில் இருக்கிற நாடு கையில் இருந்தால் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகலாம். நான் முதலில் ஓர் அலமாரியை மட்டும் வைத்தேன். ஆள் வந்து எடுத்துப் போகிற வரைக்கும் என்றேன். எடுத்துப் போன இடத்தில் இரண்டு வைத்தேன். வார்னிஷ் வாசனையில் படுக்க முடியாமல் அவன் படுக்கையை முன்னறைக்குத் தூக்கிக்கொண்டு போனான்.

நெபுலைசரையும் எடுத்துப் போக டீச்சர் வந்தாள். பூனைதான் தடுத்தான். "அது அங்கயே இருக்கட்டும். அதுக்காகவாவது தினம் அண்ணா பக்கம் போவேன்ல" என்றான். டீச்சர் அவனை முறைத்தாள். "மூச்சு வாங்கறப்போ கதவு சாத்தியிருந்தா?" என்றாள்.

"அண்ணா சாத்த மாட்டான்" என்றான்.

இந்த இடத்தில் ஆட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு என்று சொல்ல வேண்டும், ஐயா. அது விதியில் இல்லை, நாங்களாகப் பழகிக்கொண்டது. இரண்டு பேர் சமாதானம் பேசிக்கொண்டால் இரண்டு பேருமே பொது எல்லையில் ஒற்றை ஆளை மட்டும் நிறுத்துவார்கள். நீ நினைத்தால் உள்ளே வரலாம், வர மாட்டாய் என்று தெரியும் என்பது அதற்குப் பொருள். பூனைக்கு இந்த வழக்கம் ரொம்பப் பிடித்துவிட்டது. நெபுலைசரைக் காட்டி, "உன் எல்லையில நான் நிறுத்தற ஒத்தை ஆளு இதுதாண்ணா" என்றான். என் பங்குக்கு நான் நிறுத்தியது தாழ்ப்பாள். நடு அறைக்கு உள்ளே, அவன் பக்கத்துக் கதவில் இருக்கிற தாழ்ப்பாள். அதை நாங்கள் போட்டதே இல்லை. திறந்தபடியே பெயிண்ட் அடித்து அடித்து அது அப்படியே இறுகிப் போயிருந்தது.

ஒற்றை ஆள் விஷயத்தில் புதியவர்களுக்கு நான் எழுதுவது வேறு. நீங்கள் ஒற்றை ஆளை நிறுத்தினால் அவனுக்குப் பின்னால் பெரும் படை இருக்கட்டும். எதிராளியும் ஒற்றை ஆளை நிறுத்தி, பின்னாலும் ஒன்றும் வைக்காமல் இருந்தால் அவன் முட்டாளாகவோ நண்பனாகவோ இருப்பான். ஆட்டத்தைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான்.

அன்று காலையில் டீச்சர் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிற அவசரத்திலேயே என் பக்கம் வந்தாள். பை தோளில் இருந்தது. "அத்தான், டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டார். தூசி இல்லாத ஒரு அறை இல்லேன்னா இவர் தாங்க மாட்டாராம். நடு அறையைத் திருப்பிக் குடுத்துடுங்க. இந்த வாரமே" என்றாள். கெஞ்சவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. முடிவு செய்துவிட்டு வந்தவள் பேசுகிற மாதிரி பேசினாள்.

பூனை பின்னாலேயே வந்து, "நீ கிளம்பு, நான் பேசிக்கறேன்" என்று அவளை அனுப்பினான். பிறகு என் உப்புத்தாள்களை ஒதுக்கிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தான். "மனசுல வெச்சுக்காதண்ணா. வேற எடம் பாத்துட்டு நிதானமா காலி பண்ணு" என்றான். எழுந்து போகும்போது திரும்பிப் பார்த்து, "எருமை உன் பக்கமா குவிச்சிட்டு வரான். பாத்து ஆடு" என்றான். எருமை என்பது எங்களோடு ஆடுகிற ஒருவனின் ஆட்டப் பெயர். எந்த ஊர்க்காரன் என்றுகூட எங்களுக்குத் தெரியாது.

காலி பண்ணு. அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சந்திலிருந்து ஆரம்பித்துக் கட்டிக் கொண்டுவந்தது எல்லாம் அந்த அறையில்தான் சேர்ந்திருந்தது. அவன் மூச்சுக்காக ஒரு தடவை தெருவுக்குப் போனவன் நான். இரண்டாவது தடவையும் போக வேண்டுமா?

எதிராளி வரப்போகிறான் என்று தெரிந்தால் அவன் முறை வருவதற்குள் எல்லையை அடைத்துவிட வேண்டும். பிற்பகலில் நடு அறைக்குப் போனேன். தாழ்ப்பாள் அசையவில்லை. சுத்தியலால் மெல்லத் தட்டினேன். பெயிண்ட் உதிர்ந்தது, பிறகு தாழ்ப்பாள் நகர்ந்து உள்ளே போய் விழுந்தது. பெரிய அலமாரியைக் கதவோரம் இழுத்து, தேய்க்கிற மெஷினைப் போட்டேன். நான் வழக்கமாக வெளியே வைத்துத் தேய்க்கிற அலமாரி அது. அன்று அங்கேயே தேய்த்தேன். கதவுக்கு அடியில் இடைவெளி உண்டு. மரத்தூள் அந்த வழியாகத்தான் போகும் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்தே தெரியும்.

வெளியே போயிருந்தேன் என்று முதல் நாள் உங்களிடம் சொன்னது பொய்.

மெஷினை நிறுத்தியபோது தட்டுகிற சத்தம் கேட்டது. முதலில் விரலால் தட்டினான். பிறகு உள்ளங்கையால். "அண்ணா" என்று ஒரு தடவை முழுதாகக் கூப்பிட்டான், அடுத்த தடவை பாதிதான் வந்தது. அந்தப் பூனைச் சத்தம் கதவின் கீழ்ப்பகுதியிலிருந்து வந்தது, அதனால் அவன் உட்கார்ந்துவிட்டான் என்று புரிந்தது. சட்டைப்பையில் அவன் வைத்திருக்கிற சின்ன மருந்து முற்றிய இழுப்புக்குப் போதாது. என் போன் அதிர்ந்தது. ஆட்டத்தில் என் முறை வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். எடுத்துப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவன் பெயர் தெரிந்திருக்கும், அதனால்தான் பார்க்கவில்லை. நெபுலைசர் என் தலைக்கு மேலே, சுவரில் பதித்த அலமாரித் தட்டில் இருந்தது. கையை உயர்த்தினால் எட்டும்.

பலவீனமாகிவிட்ட ஆளைப் பாதியில் விட்டுவிடாதீர்கள் என்பது நான் எழுதுகிற கடைசி யோசனை. விட்டால் வேறு யாராவது வந்து அவனை முடித்து, அவன் நாடுகளை எல்லாம் அள்ளிக்கொண்டு போவார்கள். இதைக் குழுவில் எழுதியபோது பலபேர் பாராட்டினார்கள். நான் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். என் முறை இல்லை என்று சொல்லிக்கொண்டேன். சத்தம் நிற்கிறவரைக்கும் உட்கார்ந்திருந்தேன். நின்ற பிறகும் கொஞ்ச நேரம்.

பிறகு நெபுலைசரை எடுத்து அதன் மேல் படிந்திருந்த தூளைத் துணியால் துடைத்து, திரும்ப அங்கேயே வைத்தேன்.  தாழ்ப்பாளைத் திறந்தேன். கதவு முழுதாகத் திறக்கவில்லை, அவன் அதன் மேல் சாய்ந்திருந்தான். ஒதுக்கிப் படுக்கவைத்தேன். என் பாதிக்குப் போய்க் கை கழுவினேன். சாயங்காலம் டீச்சர் வந்து அலறிக்கொண்டு நெபுலைசரை எடுக்க ஓடியபோது அவள் காலில் பெயிண்ட் சில்லுகள் ஒட்டின. அந்த நிலைமையிலும் அவள் குனிந்து பார்த்தாள், தாழ்ப்பாளை நிமிர்ந்து பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "அத்தான்" என்று மட்டும் சொன்னாள்.  தாழ்ப்பாளில் உரிந்த இடத்தைத் தொட்டுப் பூசியிருக்கலாம். என் தொழிலே அதுதான். காய்வதற்கு நேரம் இருந்திருக்காது.

வருத்தம் இருக்கிறதா என்று கேட்டீர்கள். இருக்கிறது. இங்கே லாக்கப் அறைக்குள் யார் பெருமூச்சு விட்டாலும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.  ஆனால் அவன் ஒரு வார்த்தை, சரி நீயே வைத்துக்கொள் என்று அன்றும் சொல்லியிருந்தால் இது எதுவும் நடந்திருக்காது. அத்தனை தடவை சொன்னவனுக்கு அன்று என்ன வந்தது என்றுதான் தெரியவில்லை.

இனி அந்தப் படம். போனில் நீங்கள் காட்டியது எங்கள் மூன்று பேர் ஆட்டம். சிவப்பு நான், மஞ்சள் பூனை, கறுப்பு எருமை. வடக்கே மலைக்கு அந்தப்பக்கம் எருமை பெரும்படையைக் குவித்திருக்கிறான், தெரிகிறதா? அவன் குறி என் நாடு. என் நாட்டுக்கு வர அவனுக்கு ஒரே வழி, பூனையின் மலைநாடு. அன்று மத்தியானம், என்னிடம் பேசிவிட்டுப் போன பிறகு, பூனை தன் கடைசி முறையை ஆடியிருக்கிறான். என் எல்லையில் இருந்த தன் வீரர்கள் எல்லோரையும் எடுத்து அந்த மலைநாட்டில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரே இடத்தில் குவித்திருக்கிறான். என் பக்கத்தில் மிச்சம் வைத்தது ஒரே ஓர் ஆள். பின்னால் ஒன்றுமே இல்லை.

இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டீர்கள். அர்த்தம் ஒன்றும் இல்லை, ஐயா. ஆட்டம் தெரியாதவன் ஆடுகிற ஆட்டம் அது. எத்தனையோ தடவை சொல்லிக் கொடுத்தேன், கடைசிவரைக்கும் அவனுக்கு ஏறவில்லை. எல்லைக்கு இந்தப் பக்கம் நான் இருந்ததால் பரவாயில்லை. வேறு யாராவது இருந்திருந்தால் அவனை அன்றைக்கே முடித்திருப்பார்கள்.